போத்தல் கணக்கும் கறிவேப்பிலைச் செடியும்



இந்த வாரம் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். திருமுழுக்குத் தண்ணீரைப் பற்றியோ யாக்கோபின் கிணற்றைப் பற்றியோ அல்ல. அவற்றை மறையுரைகளில் வேண்டிய அளவு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நாள்தோறும் குடிக்கின்ற, அல்லது குடிக்காமலே விட்டுவிடுகின்ற, சாதாரணத் தண்ணீரைப் பற்றியே இந்த மடல். கடந்த ஓரிரு ஆண்டுகளாக, வீடு சந்திப்புக்குச் செல்லும் இடமெல்லாம் மருந்துப் பெட்டிக்கும் செபமாலைக்கும் நடுவே ஒரு புதுப் பொருள் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். ஸ்மார்ட் போத்தல் என்று பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் வேறு நகரத்தில் வேலை செய்யும் மகனோ மகளோ பெற்றோரின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். நம் இளையோர் எனக்கும் ஒன்று தந்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய குருவானவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இதைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். தோற்றத்தில் அது வழக்கமான உருக்குப் போத்தல்தான். சில வகைகளில் அடிப்பகுதியில் நிறையை உணரும் கருவி ஒன்று உண்டு; வேறு சிலவற்றில் மூடியிலிருந்து ஒரு மெல்லிய குச்சி உள்ளே இறங்கி நீர்மட்டத்தை உணர்கிறது. நீங்கள் ஒரு மிடறு குடித்ததும் எவ்வளவு குறைந்தது என்று அது கணக்கிட்டு, புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியில் உள்ள செயலிக்கு அனுப்புகிறது. நீண்ட நேரம் தொடாமல் இருந்தால் போத்தல் ஒளிர்ந்து நினைவூட்டும். இப்படிப்பட்ட போத்தல்களுள் பெயர்பெற்ற ஹைட்ரேட்ஸ்பார்க், அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு பொதுமக்களிடம் இணையம் வழியாக முன்பணம் திரட்டித் தொடங்கப்பட்டது. பாடகர் குழுவில் ஒருவருடைய பையிலிருந்து இவ்வகைப் போத்தல் ஒன்று காணிக்கை மன்றாட்டின்போது நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறி ஒளிர்ந்ததைச் சிறுவர்கள் அனைவரும் கண்டுகொண்டார்கள். அன்று என் மறையுரை எவ்வளவு நேரம் நீண்டது என்பதற்கு அந்தப் போத்தலே சாட்சி.

கருவியில் எனக்கு ஐயமில்லை. அது காட்டும் இலக்கின்மீதுதான் சில கேள்விகள் உண்டு. ஒரு நாளைக்கு எட்டுக் குவளை, அல்லது இரண்டு லீற்றர், அல்லது இரண்டரை லீற்றர் என்று ஏதோ திருச்சபைக் கட்டளையைப் போல் பலர் சொல்லக் கேட்கிறேன். இந்த எண் எங்கிருந்து வந்தது? 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரையில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் நீர் என்று ஒரு வரி இருந்தது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்று அதை அடுத்து எழுதப்பட்டிருந்த வரியை உலகம் மறந்துவிட்டது. டார்ட்மத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹைன்ஸ் வல்டின் என்ற சிறுநீரக இயல் அறிஞர் 2002இல் எட்டுக் குவளை விதிக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடி, அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பெண்களுக்கு இரண்டு லீற்றர், ஆண்களுக்கு இரண்டரை லீற்றர் என்று வரையறுத்தது. ஆனால் அது சோற்றிலும் கறியிலும் பழத்திலும் உள்ள நீரையும் சேர்த்த மொத்தக் கணக்கு. நாம் வாழும் ஜேர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கமோ, குடிப்பதற்கென்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் போதும் என்கிறது.

ஆகவே காலையில் குடித்த தேத்தண்ணீரும் கணக்கில் சேரும். தேயிலை உடம்பின் நீரை வெளியேற்றிவிடும் என்ற அச்சம் மிகையானது. அளவோடு குடிக்கும் தேநீரும் கோப்பியும் உடலுக்கு நீரைத் தருகின்றனவேயன்றிப் பறிப்பதில்லை. மதியம் சோற்றில் ஊற்றிய சொதியும் இரவு குடித்த கஞ்சியும் கணக்கில் சேரும். போத்தலுக்கு இவை எதுவும் தெரியாது. நீங்களாகச் செயலியில் எழுதினால்தான் அறியும். இடியப்பத்துக்கு எத்தனை கரண்டி சொதி விட்டேன் என்று எழுதி வைக்கும் ஒரு தாயாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இப்படிச் சொன்னதும், அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் வீண், தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். இளையோருக்கு அது பெருமளவுக்குப் பொருந்தும். உங்களில் அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்குப் பொருந்தாது. வயது ஏற ஏற உடலில் உள்ள நீரின் பங்கு குறைகிறது. சிறுநீரகம் நீரைச் சிக்கனப்படுத்தும் திறனும் குறைகிறது. இவற்றோடு தாக உணர்வும் மங்குகிறது. 1984இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நல்ல உடல்நலமுள்ள முதிய ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீரின்றி இருக்கச் செய்தார்கள். முதியவர்களுக்கு நீர்க்குறைவு தெளிவாக ஏற்பட்டிருந்தும் அவர்கள் தாகத்தைக் குறைவாகவே உணர்ந்தார்கள்; தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். எச்சரிக்கை மணியே பழுதாகிவிட்டவருக்கு வெளியிலிருந்து ஒருவர் மணி அடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவில் போத்தலின் வெளிச்சத்தை நான் வரவேற்கிறேன்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு கனமான பக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் யூலை மாத வெப்ப வாரம் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த ஒரு தாயாரைப் பார்க்க வைத்தியசாலைக்கு அழைக்கப்பட்டேன். அவர் இறந்துபோன தன் தமக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிணற்றடியில் வாளியைக் காணவில்லை என்று அழுதார். அம்மாவுக்கு நினைவு போய்விட்டது, இனி வீட்டில் வைத்திருக்க இயலாதோ என்று மகள் கலங்கி நின்றார். தாதியர் அன்பானவர்கள்தான். ஆனால் நோயாளி பேசுவது தமிழ். அது தெளிந்த தமிழா, குழம்பிய தமிழா என்று அவர்களால் எப்படி அறிய முடியும்? இரண்டு நாளாகத்தான் இப்படி, அதற்கு முன் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் அனைத்தையும் மனத்தில் வைத்திருந்தவர் என்று மகள் வைத்தியரிடம் சொன்ன பிறகே, திடீர்க் குழப்பம் என்ற கோணத்தில் பார்த்தார்கள். நீர்க்குறைவும் சிறுநீர்த் தொற்றும் இருந்தன. நாளம் வழியாக நீரும் மருந்தும் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது, "சுவாமி, இஞ்சத்தைச் சூப்பிலை உப்பே இல்லை" என்று முறையிட்டார். அதைக் கேட்டு மகள் சிரித்தபடி அழுதார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்கு நீர்க்குறைவோ தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனடியாக வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாக்கு வறண்டிருத்தல், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கருத்திருத்தல், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். அம்மா பேசும் தமிழ் வழக்கம்போல் இல்லை என்பதை அவருடைய மொழி தெரிந்த நீங்கள்தான் வைத்தியருக்குச் சொல்ல முடியும். றொபர்ட் கொக் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் வெப்பத்தால் ஏறத்தாழ 3,200 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஜேர்மனியில் என்ன வெயில் என்று நம்மவர்கள் சிரிப்பதுண்டு. அங்கே முற்றத்தில் மாமர நிழலும் காற்றும் இருந்தன; இங்கே நாம் இருப்பது குளிரைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட நான்காம் மாடியில்.

இனி, தலைப்பில் சொன்ன செடிக்கு வருகிறேன். எழுபதுகளின் இறுதியில் இருக்கும் ஒரு தந்தை, மனைவியை இழந்தபின் தனியே வாழ்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கோ சுவாமி, பேரை மட்டும் விடுங்கோ" என்றார். தெற்கில் வேலை செய்யும் மகன் ஒரு ஸ்மார்ட் போத்தலை அனுப்பி, தன் தொலைபேசியிலும் கணக்குத் தெரியும்படி அமைத்துக் கொடுத்திருந்தார். இலக்கு, செயலி வகுத்த 2.4 லீற்றர். ஒவ்வொரு மாலையும் இலக்கு நிறைவேறியதாக மகனுக்குச் செய்தி வந்தது. அப்பா சொல்வழி கேட்கிறாரே என்று அவருக்கு மகிழ்ச்சி. நான் வீடு சந்திக்கப் போனபோது சன்னலோரத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடி என் கண்ணில் பட்டது. ஊரிலிருந்து விதை கொண்டுவந்து, ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு குளிர்காலத்தையும் தாண்டி அவருடைய மனைவி வளர்த்த செடி அது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. சட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. கறிவேப்பிலைக்கு வேரில் நீர் நின்றால் ஆகாது என்பது தோட்டம் தெரிந்த யாருக்கும் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது என்ரை பங்கையும் சேர்த்துக் குடிக்குது" என்றார்.

போத்தலிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் அந்தக் கருவி அறியும். எங்கே போயிற்று என்பதை அறியாது. அவர் இரவில் நான்கு தடவை எழ வேண்டியிருந்தது. ஆண்களுக்கு இந்த வயதில் வழக்கமாக வரும் சுரப்பி வீக்கம்தான். ஒரு முறை நடைவழியில் இருட்டில் சறுக்கி விழுந்திருக்கிறார்; யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீரைக் குறைத்தால் எழுவதும் குறையும் என்று தனக்குத் தானே ஒரு வைத்தியம் செய்துகொண்டார். மகன் நாள்தோறும் அழைத்து, "அப்பா, தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்பது பதில். ஏன் குடிக்க விருப்பமில்லை என்று மகன் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவருக்குத் தோன்றவில்லை, ஏனெனில் திரையில் பச்சை நிறம் தெரிந்தது.

அந்த மகனை நான் குறை சொல்லவில்லை. அறுநூறு கிலோமீற்றர் தொலைவிலிருந்து தகப்பனைப் பார்த்துக்கொள்ள வழி தேடிய நல்ல பிள்ளை அவர். தகப்பனையும் குறை சொல்லவில்லை. தன் உடம்பின் அந்தரங்கத்தைப் பிள்ளையிடம் சொல்ல நம் தலைமுறையில் யார் பழகியிருக்கிறோம்? பிறகு அவர் பேசினார், சிறுநீரக வைத்தியரிடம் போனார், மருந்து கிடைத்தது. பகலில் வேண்டிய அளவு குடித்துவிட்டு மாலை ஐந்து மணிக்குப் பின் குறைத்துக்கொள்கிறார். நடைவழியில் அசைவை உணர்ந்து எரியும் சிறு விளக்கு ஒன்றை மகன் வந்து பூட்டினார். செயலியின் இலக்கை வைத்தியர் சொன்னபடி ஒன்றரை லீற்றராக மாற்றினார்கள். சில நாட்களில் அது நிறைவேறாமலும் போகிறது. அந்தக் குறைந்த எண்ணை நான் நம்புகிறேன். செடியை வேறு மண்ணுக்கு மாற்றியிருக்கிறார். தப்புமா என்று இளவேனிலில்தான் தெரியும்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பெற்றோர் போதிய தண்ணீர் குடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மறதி காரணமல்ல. அவர்களிடம் காரணம் இருக்கிறது. சில காரணங்கள் ஊரிலிருந்து வந்தவை. நம்மில் பலர் தீவகத்திலிருந்து வந்தவர்கள். வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்க வேண்டும். அங்கே வளர்ந்த பெண்ணுக்குத் தண்ணீரை எண்ணிக் குடிப்பது சிறுவயதுப் பழக்கம். வெளியே போனால் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் புறப்படும் முன் குடிக்காமல் இருப்பது அடுத்த பழக்கம். அதன்பின் போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளில் மணிக்கணக்காக நின்ற பயணங்கள். இந்த நாட்டில் குழாயைத் திறந்தால் குடிக்கத்தக்க நீர் வருகிறது என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்னும் அவர்களுடைய உடல் முழுமையாக நம்பவில்லை.

சில காரணங்கள் இங்கே வந்து சேர்ந்தவை. கடையில் விற்கும் தண்ணீரில் வாயு கலந்திருக்கிறது. அது நெஞ்சைக் கரிக்கிறது என்று முதியவர்கள் ஒதுக்குகிறார்கள். குளிரில் மூன்றடுக்கு உடையின்மேல் சேலையும் உடுத்துக்கொண்டு அந்நிய மலசலகூடத்துக்குப் போவது பெரும்பாடு. பொது இடத்தில் அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். ஐந்து யூரோவுக்குக் கோப்பி வாங்கித் தரும் மகனிடம் ஒரு யூரோ கேட்க அம்மாவுக்குக் கூச்சம்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் உங்களில் பலர் உங்களையே காண்பீர்கள். நம் பங்கின் பெண்களில் கணிசமானோர் முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணி செய்கிறார்கள். அங்கே ட்ரிங்க்புரோட்டோக்கோல் என்று ஒரு தாள் உண்டு. நீர் குறைவாகக் குடிக்கும் முதியவர் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் குடித்தார் என்று அதில் எழுத வேண்டும். ஸ்மார்ட் போத்தல் செய்யும் அதே கணக்கைத்தான் இவர்கள் பல ஆண்டுகளாகக் கையால் எழுதிவருகிறார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. எண்ணை எழுதும் கைதான் அங்கே குவளையையும் பிடித்திருக்கிறது. ஒரு மிடறு குடிக்க மறுக்கும் ஜேர்மானியப் பாட்டியின் அருகில் அமர்ந்து, பேச்சுக் கொடுத்து, குவளையை மாற்றி, வெந்நீரா குளிர்நீரா என்று கேட்டு, அரைமணி நேரம் கழித்துத் திரும்பவும் வந்து, அப்படித்தான் அந்த 150 மில்லிலீற்றர் எழுதப்படுகிறது. இந்தத் தாயார்களிடம், நீங்கள் இன்று எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரப் பணியில் ஒரு கோப்பி என்றார் ஒருவர். மலசலகூடம் போனால் வேலை பின்தங்கும், அதனால் குடிப்பதில்லை என்றார் இன்னொருவர். உங்கள் பெயரிலும் ஒரு தாள் தொங்க வேண்டும், அம்மா. போத்தல் வாங்கப் பணம் இருக்கும் பிள்ளைகள் அறுபது வயதில் இன்னும் வேலைக்குப் போகும் இந்தத் தாயார்களுக்கு வாங்கிக் கொடுங்கள். அது நல்ல பயன்.

வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் பண்பாடு என்று பெருமையாகச் சொல்வோம். அது உண்மை. யாருக்குச் செம்பில் கொடுத்தோம், யாருக்குச் சிரட்டையில் ஊற்றினோம், யாரைக் கிணற்றுக் கட்டுக்கு வெளியே நிறுத்தினோம் என்பதும் அதே அளவு உண்மை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் பண்பாட்டின் பெயரால் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பாதியை மட்டும் பேசலாகாது.

இனி, குருவானவர் என்ற முறையில் நான் மட்டுமே தீர்த்துவைக்கக் கூடிய ஒரு விடயம். நமது ஞாயிறு திருப்பலி மாலை நான்கு மணிக்கு. தொலைவிலிருந்து வருவோர் இரண்டு மணிக்கே புறப்படுகிறார்கள். இவர்களில் சில முதியவர்கள் மதியத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று அறிகிறேன். "நன்மை எடுக்க முன்னம் தண்ணியும் படக்கூடாது" என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கற்றது. கற்றவர்கள் பிழையாகக் கற்கவில்லை. ஒரு காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. நள்ளிரவு முதல் உணவும் தண்ணீரும் விலக்கு. ஆனால் 1953ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் நற்கருணை நோன்பை முறிக்காது என்று அறிவித்துவிட்டார். 1957இல் அவரே நள்ளிரவு விதியை நீக்கி மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 919ஆம் இலக்கச் சட்டத்தில் இதை உறுதிப்படுத்துகிறது: நற்கருணை உட்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் விலக்கு, தண்ணீருக்கும் மருந்துக்கும் விதிவிலக்கு. முதியவர்களும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம்.

அதாவது, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீர் தடையில்லை. திருச்சபை கேட்காத ஒறுத்தலை வெப்ப நாளில் நீரிழிவு மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் எடுத்துக்கொண்டு யாரும் செய்ய வேண்டாம். போத்தல் ஒளிர்ந்தால் ஆலயத்துக்குள்ளேயே எடுத்துக் குடியுங்கள். நான் பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒளிரும் விளக்கைச் செயலியில் அணைத்து வைக்கலாம் என்பதை மட்டும் பாடகர் குழுவுக்கு நினைவூட்டுகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தீங்கு விளையும். தண்ணீர் கூடக் கூட நன்மை என்பது எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கும் வைத்தியர் நீரை அளந்து கட்டுப்படுத்தியிருப்பார். அவர்களுக்குச் செயலி தானாக வகுக்கும் இரண்டரை லீற்றர் மூச்சுத் திணறலாகவும் கால் வீக்கமாகவும் முடியும். உயரமும் எடையும் வயதும் கேட்கும் செயலி, எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை அறியாது. நலமாய் உள்ளவர்களும் குறுகிய நேரத்தில் அளவு கடந்து குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மூளை வீங்கும். 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு அப்படி உப்புக் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் ஓர் இளம்பெண் அதனால் இறந்தார். செயலியில் இரவு பத்து மணிக்கு இன்னும் 700 மில்லிலீற்றர் மீதி என்று காட்டினால், அதை ஒரே மூச்சில் குடித்து நாளை முடிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நேர்மாறாக, சிறுநீரகக் கல் ஒரு முறை வந்தவர்களுக்குத் தண்ணீரே மருந்து. இத்தாலியில் 199 நோயாளரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வில், நிறையக் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் திரும்ப வந்தது. இவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறார்கள். அது எளிதல்ல, இவ்வகைப் போத்தல் மெய்யாகவே உதவக் கூடியது இவர்களுக்குத்தான். சமையலறையின் அனலில் பத்து மணி நேரம் நிற்கும் நம் உணவகத் தொழிலாளரும், சாரதிகளும் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இலக்கத்தை மட்டும் குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் பெற்றுச் செயலியில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது, "நான் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம்?" என்று கேளுங்கள். ஜேர்மன் மொழியில் கேட்க வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பெற்றோரின் கணக்கு உங்கள் தொலைபேசிக்கு வரும்படி அமைக்கும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த மனிதர் எப்போது குடித்தார் என்பது அவருடைய சொந்த விடயம். சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால் ஒரு கண்ணாடிக் குடுவையில் காலையில் அளந்து ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, மாலையில் எவ்வளவு மீதி என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மின்னேற்றம் தேவையில்லை. இன்னொன்று: எந்தப் போத்தலானாலும், எத்தனை விலையானாலும், மூடியின் உள்வளையத்தைப் பிரித்து நாள்தோறும் கழுவ வேண்டும். இரண்டு வீடுகளில் நான் திறந்து பார்த்ததை இங்கே வருணிக்க விரும்பவில்லை.

இறுதியாக, ஆகஸ்ட் மாதக் கேவலார் யாத்திரை. துன்புறுவோருக்கு ஆறுதலாகிய அன்னையை நாடி 1642ஆம் ஆண்டு முதல் மக்கள் வந்துகொண்டிருக்கும் அந்தத் திருத்தலத்தில், நம்மவர்கள் ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் கூடும் நாளில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதை முன் சென்றவர்கள் அறிவீர்கள். பேருந்தில் ஏறும் முதியவர்கள் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவதையும் அறிவேன். இவ்வாண்டு அது வேண்டாம். பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் நிற்கும். யாரும் கையுயர்த்திக் கேட்கவேண்டியதில்லை. நெடுஞ்சாலை மலசலகூடங்களில் பல இடங்களில் ஒரு யூரோ கேட்கிறார்கள். அதற்கான நாணயங்கள் ஒரு பையில் முன் இருக்கையில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு எழுத மாட்டோம். வாயு கலக்காத தண்ணீர் எல்லோருக்கும் உண்டு. நீர்க் கட்டுப்பாடு உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவை எழுதிப் பக்கத்தில் அமர்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் போத்தல்களை வழியில் எறிந்துவிடாமல் பின் இருக்கைப் பெட்டியில் போடுங்கள். ஒன்றுக்கு 25 சதம் திரும்பக் கிடைக்கும். நான்கு போத்தல் சேர்ந்தால் இன்னொருவருடைய மலசலகூடக் காசு ஆயிற்று.

ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை